ஊர்க் குழுவுக்கு ஓர் இணைய முகவரி

லினக்ஸ், பைத்தான், வேர்ட்பிரஸ் என்று ஏதாவது ஒரு மென்பொருளைச் சுற்றி ஊருக்கு ஊர் பயனர் குழுக்கள் தொடங்கப்படுகின்றன. கல்லூரி ஆய்வகத்திலோ நூலக மாடியிலோ ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார், கட்டணம் கிடையாது. நாலைந்து கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் வரும் கேள்வி, “நமக்கென்று ஓர் இணைய முகவரி வேண்டாமா?” அது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரி மாணவர்களும் ஊரில் வேலை பார்க்கும் சிலரும் சேர்ந்து லினக்ஸ் பயனர் குழு தொடங்கியிருக்கிறோம். முகவரிக்கு என்ன பெயர் வைப்பது என்று வாட்ஸ்அப்பில் ஒரே விவாதம். ஊர்ப் பெயரா, மென்பொருள் பெயரா, புதுப் பெயரா?
— கல்லூரி மாணவர், திருச்சி

ஊர்ப் பெயர் கட்டாயம் இருக்கட்டும். உங்களைத் தேடப்போகிறவர் “நம்ம ஊரில் யாராவது இருக்கிறார்களா” என்றுதான் தேடுவார். கவர்ச்சியாக ஒரு புதுப் பெயர் வைத்தால், அது என்ன என்று ஆளாளுக்கு விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இயங்கும் குழுக்களைப் பாருங்கள். இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை தன் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து ‘ஐஎல்யூஜிசி’ என்று வைத்துக்கொண்டது. விழுப்புரத்தார் ‘விஜிலக்’ என்கிறார்கள். காஞ்சிபுரத்தார் காஞ்சியோடு, லினக்ஸ் பயனர் குழு என்பதன் ஆங்கிலச் சுருக்கமான ‘லக்’கைச் சேர்த்து ‘காஞ்சிலக்’ ஆனார்கள். சென்னையின் பைத்தான் குழு ‘சென்னைபை’. எல்லாவற்றிலும் ஊரும் இருக்கிறது, மென்பொருளும் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது காஞ்சிலக் வழி. முதலெழுத்துச் சுருக்கம் உள்ளே இருப்பவர்களுக்குப் பழகிவிடும். வெளியிலிருந்து வருபவருக்கு எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைத்துக்கொள்வது சிரமம்.

அடுத்தது ஆங்கில எழுத்துக்கூட்டல். திருச்சி, திருநெல்வேலி, தூத்துக்குடி, தஞ்சாவூர் எதை எடுத்தாலும் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ‘டி’க்குப் பின் ‘எச்’ போடுபவர் உண்டு, போடாதவர் உண்டு. ஆங்கிலேயர் காலத்து எழுத்தையே பிடித்துக்கொண்டிருப்பவரும் உண்டு. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசாங்கமே திணறும் இடத்தில் நாம் கவனமாக இருப்பது நல்லது. நம் ஊர்களுக்கு இருக்கும் குறும்பெயர்கள் இங்கே கைகொடுக்கும். கோவை, நெல்லை, காஞ்சி போன்றவற்றை எல்லாரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அவை நீளமும் குறைவு. உங்களுக்கு, ரயில் டிக்கெட்டிலும் பேருந்துப் பலகையிலும் அதிகம் கண்ணில் படும் எழுத்து எதுவோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயர் பின்னால் மாறினாலும் கவலையில்லை. பெங்களூரின் ஆங்கில எழுத்து 2014 நவம்பரில் மாறியது. அதற்கு முன்பே பிறந்த ‘பேங்பைப்பர்ஸ்’ பைத்தான் குழு பழைய எழுத்தோடுதான் அறியப்படுகிறது. மெட்ராஸ் சென்னையானது 1996-ல். ஐஐடியின் இணைய முகவரியில் மெட்ராஸின் ‘எம்’ இன்னும் இருக்கிறது. பழகிய முகவரியை யாரும் குறை சொல்வதில்லை.

மென்பொருள் பெயரில்தான் கூடுதல் யோசனை வேண்டும். ஓபன்ஆபீஸ் பெயரில் குழு நடத்தியவர்கள் 2010-ல் லிப்ரெஆபீஸ் பிரிந்து வந்தபோது பெயரை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது. 2005-ல் மாம்போவிலிருந்து ஜூம்லா பிரிந்தபோதும் இதே கதைதான். உங்கள் ஆர்வம் ஒரே மென்பொருளில் நிற்காது என்று தோன்றினால், ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற பொருளில் பொதுவான ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு செய்யும் முன் ஒரு சோதனை. குழுவில் இல்லாத மூன்று பேரைத் தொலைபேசியில் அழையுங்கள். முகவரியை ஒரே ஒரு முறை வாயால் சொல்லி, அவர்களைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள். இரைச்சலான பேருந்து நிலையத்திலிருந்து ‘பி’ என்றால் ஒருவர் ஒரு எழுத்தை அடிப்பார், இன்னொருவர் அதற்கு இணையான மற்ற எழுத்தை அடிப்பார். ‘டி’யும் ‘ஜி’யும் அப்படித்தான். நடுவில் ஹைபன் இருந்தால் ஒருவர் ‘டேஷ்’ என்பார், ஒருவர் ‘மைனஸ்’ என்பார், மூன்றாமவர் அடிக்கோட்டை அடித்துவிடுவார். டொமைன் பெயரில் அடிக்கோட்டுக்கு இடமே கிடையாது. மூன்று பேரும் சரியாக அனுப்பினால் அந்தப் பெயரை எடுங்கள். புள்ளிக்கு முன்னால் 63 எழுத்துகள் வரை விதி இடம்கொடுக்கிறது. பன்னிரண்டைத் தாண்டாமல் இருந்தால் சுவரொட்டியிலும் கரும்பலகையிலும் படிக்க வசதி.

கேள்வி: நாங்கள் வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோர் குழு. முகவரியில் ‘வேர்ட்பிரஸ்’ என்று சேர்த்தால் வழக்கு வரும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். கட்டற்ற மென்பொருள்தானே, பெயரும் பொதுச் சொத்துதானே?
— வலைத்தள வடிவமைப்பாளர், மதுரை

நிரல் கட்டற்றது, பெயர் அப்படி இல்லை. நிரலுக்கு உரிமம் வேறு, பெயருக்கு வணிகக் குறியீட்டு உரிமை வேறு. உங்கள் நண்பர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். டொமைன் பெயரில் ‘வேர்ட்பிரஸ்’ என்ற முழுச் சொல்லைச் சேர்க்க வேண்டாம் என்பதை வேர்ட்பிரஸ் அறக்கட்டளை விதியாகவே வைத்திருக்கிறது. ‘டபிள்யூபி’ என்ற சுருக்கம் அந்த வணிகக் குறியீட்டுக்குள் வராது. மதுரையோடு அதைச் சேர்த்து, அதிகாரபூர்வத் தளம் என்று யாரும் தவறாக எண்ணாதபடி பயன்படுத்துங்கள்.

இந்த விதியைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். லினக்ஸின் கதையைக் கேட்டால் காரணம் புரியும். 1990களின் நடுவில் பாஸ்டனைச் சேர்ந்த ஒருவர் ‘லினக்ஸ்’ என்ற பெயரைத் தன் வணிகக் குறியீடாக அமெரிக்காவில் பதிவு செய்துகொண்டார். அதை உருவாக்கியவருக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. லினக்ஸ் தொழில் செய்பவர்களிடம் அந்தப் பெயருக்காகப் பணமும் கேட்கத் தொடங்கினார். எதிர்த்து வழக்காடிய பிறகு 1997-ல்தான் அந்த உரிமை லினஸ் டோர்வால்ட்ஸிடம் வந்து சேர்ந்தது. பெயரைக் காக்க ஆள் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள் என்பதை அன்று எல்லாரும் உணர்ந்தார்கள். அதனால்தான் பைத்தானின் பெயரை பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையும், ஜாவாவின் பெயரை ஆரக்கிள் நிறுவனமும் வைத்துக் காக்கின்றன.

ஒவ்வொன்றின் விதியும் ஒவ்வொரு மாதிரி. கட்டணம் வாங்காத பயனர் குழு தன் பெயரில் பைத்தானைச் சேர்த்துக்கொள்ள பைத்தான் அறக்கட்டளை இடம்கொடுக்கிறது. வேர்ட்பிரஸின் விதி, நாம் பார்த்ததுபோல, கொஞ்சம் இறுக்கமானது. எந்த மென்பொருளானாலும் அதன் வணிகக் குறியீட்டு விதிகளைப் பணம் கட்டும் முன்பே படியுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்; பெரும்பாலும் அன்பாகவே பதில் வரும்.

மீறினால் என்ன ஆகும்? டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு 1999-லிருந்து ஒரு தகராறு தீர்வு முறையை வைத்திருக்கிறது. டாட் இன் முகவரிகளுக்கு இந்தியாவிலேயே தனி முறை உண்டு. பெயருக்கு உரியவர் முறையிட்டு நிரூபித்தால் முகவரி கை மாறிவிடும். பெரும்பாலும் சிறைக்கோ அபராதத்துக்கோ பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் அச்சடித்த சுவரொட்டியும் சான்றிதழும் ஒரே நாளில் பொய்யாகிப்போவதுதான் பெரிய இழப்பு.

கேள்வி: டாட் காம், டாட் ஆர்க், டாட் இன், டாட் ஐஓ என்று ஏகப்பட்டவை இருக்கின்றன. எதை எடுப்பது? முதல் ஆண்டு நூறு ரூபாய்க்குக்கூடச் சில கிடைக்கின்றன. இலவசமாகக் கிடைப்பதையும் பார்த்திருக்கிறேன்.
— மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

லாப நோக்கமில்லாத ஊர்க் குழுவுக்கு டாட் ஆர்க் அல்லது டாட் இன். இரண்டில் எது கிடைத்தாலும் தயங்காமல் எடுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த இரண்டு மூன்று எழுத்துக்கும் ஒரு நிர்வாகம் இருக்கிறது. உங்கள் முகவரியின் ஆயுள் அந்த நிர்வாகத்தின் ஆயுளைப் பொறுத்தது. டாட் ஆர்க் 1985-லிருந்து இருக்கிறது. 2003 முதல் பொதுநல நோக்குள்ள ஓர் அமைப்பு அதை நடத்துகிறது. 2019 நவம்பரில் அந்த அமைப்பை ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க முயற்சி நடந்தது. உலகெங்கும் தொண்டு நிறுவனங்களும் மென்பொருள் குழுக்களும் எதிர்த்தன. 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் அந்த விற்பனைக்கு ஒப்புதல் மறுத்தது. இந்த அளவுக்குக் காவல் இருக்கும் இடத்தில் குடியிருப்பது பாதுகாப்பு. டாட் இன்னை 2005-லிருந்து நிக்ஸி என்கிற இந்திய தேசிய இணைய பரிமாற்றகம் நடத்துகிறது. அந்த ஆண்டுதான் அது பொதுமக்களுக்குத் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. நேரடியாக டாட் இன் கிடைக்காவிட்டால் ‘ஆர்க் டாட் இன்’ என்றும் எடுக்கலாம். அச்சுக்கோப்பு மென்பொருளான டெக்கின் இந்தியப் பயனர் குழு அப்படித்தான் ‘டக் டாட் ஆர்க் டாட் இன்’ என்ற முகவரியில் இருக்கிறது. தாய்க் குழு அமெரிக்காவில் ‘டக் டாட் ஆர்க்’. பின்னால் ஒரு ‘இன்’ சேர்ந்ததும் குடும்ப உறவு தானாகத் தெரிந்துவிடுகிறது.

டாட் ஐஓ கணினிக்காரர்களுக்குப் பிடிக்கும். உள்ளீடு-வெளியீடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் போல ஒலிப்பதுதான் காரணம். உண்மையில் அது பிரிட்டனின் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதிக்கு, அதாவது சாகோஸ் தீவுகளுக்கு உரிய எழுத்து. அந்தத் தீவுகளின் இறையாண்மையை மொரிஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. நாளைக்கே அந்த முகவரிகள் மறைந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் யூகோஸ்லாவியா என்ற நாடு போன பிறகு அதன் டாட் ஒய்யூவும் 2010-ல் இல்லாமல் போனது. நம் ஊர்க் குழுவின் முகவரி ஏன் ஏதோ ஒரு கடலின் அரசியலைச் சார்ந்திருக்க வேண்டும்?

இலவசத்துக்கு வருகிறேன். டாட் டிகே, டாட் எம்எல், டாட் ஜிஏ, டாட் சிஎஃப், டாட் ஜிக்யூ என்ற ஐந்தையும் ஃப்ரீநாம் என்ற நிறுவனம் இலவசமாகக் கொடுத்துவந்தது. டோக்கெலாவ், மாலி, காபோன், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, எக்குவட்டோரியல் கினி ஆகியவற்றுக்கு உரிய எழுத்துகள் அவை. காசில்லாத மாணவர் குழுக்களுக்கு அது வசதியாக இருந்தது. மோசடிக்காரர்களுக்கு அதைவிட வசதியாக இருந்தது. அதனால் அந்த முகவரிகளை மின்னஞ்சல் வடிகட்டிகள் நம்பாமல் போயின. 2023-ல் புதிய பதிவுகள் நின்றன. அதே ஆண்டில் காபோன் தன் எழுத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனம் டொமைன் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது.

முதல் ஆண்டு விலையை விட்டுவிட்டு ரினியூவல் விலையைப் பாருங்கள். நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சில புதுவகை முகவரிகள் அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கில் கேட்கும். டாட் இன்னோ டாட் ஆர்க்கோ ஆண்டுக்குச் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் ஒரு டீ, வடைச் செலவுதான்.

கேள்வி: வணக்கம் ஐயா. எமது குழு தமிழில்தான் இயங்குகிறது. முகவரியும் தமிழ் எழுத்திலேயே இருக்க முடியுமா? இருந்தால் நல்லதா?
— தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், யாழ்ப்பாணம்

முடியும். ‘டாட் இலங்கை’, ‘டாட் இந்தியா’, ‘டாட் சிங்கப்பூர்’ என்ற மூன்றும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. இலங்கையுடையது 2010-ல் வந்தது, மற்ற இரண்டும் 2011-ல். உங்கள் குழுவின் பெயர் முழுவதையும் தமிழில் எழுதி உலாவியில் திறப்பது மனதுக்கு நிறைவான விஷயம். முடிந்தால் எடுங்கள் என்றே சொல்வேன். ஆனால் அதை இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளுங்கள். டாட் எல்கேயிலோ டாட் ஆர்க்கிலோ உள்ள ஆங்கில எழுத்து முகவரி முதலாவதாக இருக்கட்டும். தமிழ் முகவரியைத் தட்டினாலும் அதே தளம் திறக்கும்படி செய்யுங்கள்.

காரணம் இதுதான். இணையத்தின் அடித்தளத்தில் முகவரிகள் இன்றும் ஆங்கில எழுத்து, எண், ஹைபன் என்ற மூன்றால்தான் நடமாடுகின்றன. தமிழ் முகவரி உள்ளே போகும்போது ‘எக்ஸ்என்’ என்ற இரண்டு எழுத்தும் இரண்டு ஹைபனும் முன்னால் ஒட்டிய ஒரு குறியீட்டு வரிசையாக மாறுகிறது. 2003-ல் வகுக்கப்பட்ட இந்த முறைக்கு ப்யூனிகோட் என்று பெயர். உலாவி அதைத் திரும்பத் தமிழாகக் காட்டிவிடும். ஆனால் அரட்டைச் செயலியில் நகலெடுத்து ஒட்டும்போது சில சமயம் அந்த விளங்காத வரிசைதான் தெரியும். பார்ப்பவர் வைரஸ் இணைப்பு என்று பயந்து தொடமாட்டார். தமிழ் எழுத்து மின்னஞ்சல் முகவரியை ஏற்க மறுக்கும் படிவங்களும் இன்னும் நிறைய இருக்கின்றன.

பெயர் தேர்வில் தமிழுக்கென்று ஒரு கவனமும் வேண்டும். ‘கௌ’ என்பதை ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம். ‘கெ’, ‘ள’ என்று இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு. ஔகார வரிசை வராத பெயராகப் பாருங்கள். உங்கள் மாணவர்கள் தமிழில் தட்டச்சு செய்து தங்கள் குழுவின் தளத்தைத் திறக்கும்போது, கணினியில் தமிழ் எங்கேயும் நடமாடும் என்பதை நீங்கள் தனியாகப் பாடம் நடத்திச் சொல்லவேண்டியிருக்காது.

கேள்வி: சொந்த முகவரிதான் வேண்டுமா? கிட்ஹப்பில் இலவசமாகத் தளம் வைத்துக்கொள்ளலாம், மீட்டப் தளத்தில் பக்கம் தொடங்கலாம். பணம் எதற்குச் செலவழிக்க வேண்டும்?
— பட்டதாரி, சேலம்

தொடங்கிய முதல் சில மாதங்களுக்கு இலவச இடமே போதும். குழு நிலைக்குமா என்று தெரியும் முன் செலவு வேண்டாம். ஆனால் பத்துக் கூட்டம் தாண்டிய குழு இரவல் முகவரியிலேயே இருப்பது ஆபத்து. ஆர்குட் குழுமங்களில் ஊர்வாரியாக எத்தனை பேர் கூடியிருந்தார்கள் என்பது நாற்பது வயதைத் தொட்டவர்களுக்கு நினைவிருக்கும். 2014-ல் அது மூடப்பட்டது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. சேர்ந்திருந்த உரையாடல்களை அதற்கு ஓராண்டு முன்பே அழிக்கத் தொடங்கிவிட்டார்கள். 2019-ல் கூகுள் பிளஸ் போனது. அங்கெல்லாம் முகவரி அந்த நிறுவனத்துடையது. நிறுவனம் கடையைச் சாத்தியதும், அந்த முகவரியை நம்பி வந்தவர்களுக்குப் போக இடமில்லை.

முகவரியை மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு, தளத்தை இலவச இடத்திலேயே வைப்பது நல்ல நடைமுறை. டிஎன்எஸ் அமைப்பில் ‘சிநேம்’ என்ற ஒரு வரியை எழுதினால் உங்கள் முகவரி கிட்ஹப் பக்கத்தைத் திறக்கும். நாளை கிட்ஹப் வேண்டாமென்றால் அந்த வரியை மாற்றினால் போதும். வருகிறவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது.

இரவல் முகவரியிலும் ஒரு நல்ல வகை உண்டு. தாய் அமைப்பே கிளை முகவரி கொடுப்பது. பெர்ல் மொழிக்காரர்களின் ‘பெர்ல் மாங்கர்ஸ்’ குழு 1997-ல் நியூயார்க்கில் தொடங்கியது. ஊர்ப் பெயரோடு ‘டாட் பிஎம்’ சேர்த்து ‘லண்டன் டாட் பிஎம்’ என்பதுபோல் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். இணையத்தில் அந்த பிஎம் கனடாவின் கிழக்குக் கரைக்கு அருகே உள்ள செயின்ட் பியர்-மிக்கலோன் என்ற பிரெஞ்சுத் தீவுகளுக்கு உரியது. ஆகவே பெயரில் மட்டும் பிஎம் வைத்துக்கொண்டு, ‘பிஎம் டாட் ஆர்க்’ என்ற பொது முகவரிக்குக் கீழே ஊர்தோறும் கிளை முகவரி தந்தார்கள். இந்தியாவின் பைத்தான் மாநாடான பைகானும் ‘இன் டாட் பைகான் டாட் ஆர்க்’ என்று இதே முறையில்தான் இருக்கிறது. இப்படி ஒரு தாய் அமைப்பு கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் பொறுப்பு அவர்களுடையது, நம்பகத்தன்மையும் கூடவே வருகிறது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெயரில் உள்ள முகவரியை யாரோ எடுத்து வைத்துக்கொண்டு பெருந்தொகை கேட்கிறார். சட்டப்படி வாங்க முடியுமா?
— லினக்ஸ் ஆர்வலர், ஈரோடு

பெரும்பாலும் முடியாது. ஊர்ப் பெயர் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. தகராறு முறைக்குப் போவதானால் அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும்; எடுத்தவர் கெட்ட நோக்கத்தோடு எடுத்தார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். பேரம் பேசாதீர்கள். பின்னால் ‘லக்’ சேர்த்தோ, டாட் காமுக்குப் பதில் டாட் இன் எடுத்தோ வேலையைத் தொடங்குங்கள். அந்தப் பணத்தில் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கி, இல்லாத மாணவருக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: ஆண்டுதோறும் ஒரு நாள் மாநாடு நடத்துகிறோம். ஒவ்வோர் ஆண்டும் புது முகவரி எடுக்கிறோம். சரியா?
— ஒருங்கிணைப்பாளர், புதுச்சேரி

வேண்டாம். குழுவின் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஆண்டை எழுதினால் போதும். ஊர்தோறும் நடக்கும் வேர்ட்கேம்ப் மாநாடுகள் ஊர்ப் பெயரைக் கிளை முகவரியாக வைத்து, ஆண்டைப் பின்னால் போட்டுக்கொள்கின்றன. பழைய ஆண்டுகளின் உரைகள், படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும்.

ஏற்கெனவே எடுத்த முகவரிகளை உடனே விட்டுவிடாதீர்கள். சான்றிதழிலும் பேச்சாளர்களின் சுயவிவரத்திலும் அவை அச்சாகியிருக்கும். அவற்றைத் தட்டினால் புதுப் பக்கத்துக்குப் போகும்படி நிரந்தரத் திருப்புகையை அமைத்து, சில ஆண்டுகளாவது புதுப்பித்து வையுங்கள். கைவிட்ட முகவரியைச் சூதாட்ட விளம்பரக்காரர்கள் எடுத்துவிட்டால், உங்கள் மாணவரின் சான்றிதழில் உள்ள க்யூஆர் கோடு அங்கேதான் கொண்டுபோய் விடும்.

கேள்வி: எங்கள் முகவரியைத் தொடக்கத்தில் ஒரு நண்பர் தன் பெயரில் எடுத்தார். இப்போது அவர் வெளிநாட்டில். பதில் போடுவதில்லை. அடுத்த மாதம் காலாவதி. என்ன செய்வது?
— குழு உறுப்பினர், கடலூர்

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். ஊர்க் குழுக்கள் முகவரியை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். இதில் கெட்டவர் யாரும் இல்லை. நண்பர் ஆர்வத்தில் தன் காசில் எடுத்தார்; வேலை கிடைத்துப் போனார்; பழைய சிம் கார்டு போனது, அதோடு ஓடிபியும் போனது.

முதலில் கையிலிருக்கும் நாட்களைக் கணக்கிடுங்கள். ஐகான் தளத்தில் டொமைன் விவரம் தேடும் வசதி இருக்கிறது. உங்கள் முகவரியைக் கொடுத்தால் பதிவு நிறுவனம் எது, காலாவதித் தேதி என்ன, பூட்டு போட்டிருக்கிறதா என்பது தெரியும். டாட் காம், டாட் ஆர்க் போன்றவற்றில் காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. அந்த அஞ்சல் உங்கள் நண்பரின் பெட்டிக்குப் போயிருக்கும். எப்படியாவது அவருடைய வீட்டாரையோ உடன் படித்தவரையோ பிடித்து அதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். காலாவதியான பிறகும் அதிகபட்சம் 45 நாள் வரை பழைய விலைக்கே புதுப்பிக்கப் பல நிறுவனங்கள் இடம்கொடுக்கும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் முன்னதாகவே ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். அழிக்கப்பட்டதும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்குக் கட்டணம் பல மடங்கு. அதன் பின் ஐந்து நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வேறொருவர் கணக்கில் உள்ள டொமைனுக்கும் பணம் மட்டும் கட்டிப் புதுப்பிக்கச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. இன்றே அவர்களை அழைத்துக் கேளுங்கள். ஓராண்டு கிடைத்தாலும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

நண்பர் கிடைத்ததும் மாற்றத்தைத் தொடங்குங்கள். ஒரே பதிவு நிறுவனத்தில் உங்களுக்கும் கணக்கு இருந்தால் அவர் உள்ளுக்குள்ளேயே தள்ளிவிடலாம். வேறு நிறுவனம் என்றால், பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டை எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும். கேட்டால் ஐந்து நாட்களுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ஐகான் விதி. புதிதாகப் பதிந்த அல்லது மாற்றிய முகவரியை 60 நாட்களுக்கு மறுபடி நகர்த்த முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி, உங்களுக்கு மட்டும் இல்லாமல் எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முகவரியை ஒரு தனி மின்னஞ்சல் கணக்கில் பதியுங்கள். அது யாருடைய சொந்த அஞ்சலாகவும் இருக்கக் கூடாது. குழுவின் பொது அஞ்சலாக இருக்கட்டும். ஆனால் அது அதே டொமைனில் இயங்கும் அஞ்சலாக இருக்கவே கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுவிடும். மீட்பதற்கான கடிதம் வந்துசேர வழியிருக்காது.

கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு குறுஞ்செய்தி ஓடிபியை நம்பாமல் ஆதென்டிகேட்டர் செயலியைப் பயன்படுத்துங்கள், அதன் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு இருவரிடமும் கொடுங்கள். பணம் ஒருவர் அட்டையிலிருந்து தானாகக் கழிய வேண்டாம். அட்டை மாறினால் புதுப்பிப்பு நின்றுவிடும். மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டுங்கள், பத்து ஆண்டுகள் வரை கட்டலாம். குழு நிலைத்துவிட்டால் தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்து, முகவரியைச் சங்கத்தின் பெயருக்கே மாற்றிவிடலாம்.

இவை எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பதிவு நிறுவனம், காலாவதித் தேதி, பொறுப்பாளர்கள் இருவர், டிஎன்எஸ் எங்கே, தளம் எங்கே, கடைசியாகப் பணம் கட்டியவர் யார். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தில் அதை எல்லார் முன்னாலும் வாசியுங்கள். புதுப் பொறுப்பாளர் அங்கேயே உட்கார்ந்து ஒரு முறை உள்நுழைந்து காட்டட்டும். கடவுச்சொல் வேலை செய்கிறதா என்பது அன்றே தெரிந்துவிடும்.

ஊர்க் குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். படிப்பு முடிந்து போவார்கள், கல்யாணமாகிப் போவார்கள், புதியவர்கள் வருவார்கள். அது குழுவின் குறை இல்லை. கற்றுக்கொடுத்து அனுப்புவதற்குத்தானே குழுவே இருக்கிறது. ஆகவே, பெயர் அழகாக இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் பேசினால், அடுத்து யார் கையில் ஒப்படைப்பது என்று இன்னொரு மணி நேரம் பேசுங்கள். வரும் கூட்டத்திலேயே அந்த இரண்டாவது ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.